எம்.ஜி.பி. ரோட்ஸ்டர்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பேணுவது, எதை மாற்றுவது

இங்கிலாந்தில் குடியிருக்கும் ஒருவர், 1970களில் வெளிவந்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்க விரும்புகிறார். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு, ஆனால் பழைய கார் எதையும் இதுவரை வைத்திருந்ததில்லை என்று சொல்லி, எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது, எவற்றை மேம்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கமான பதில் இது: உடற்கூட்டைப் பார்த்து வாங்குங்கள், எஞ்சினைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம், மேம்பாடு என்ற பேச்சை முதல் ஓராண்டுக்குத் தள்ளிவையுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

எம்.ஜி.பி.யைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. 1962 முதல் 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் ஆலையிலிருந்து, கூரையோடு வந்த ஜி.டி. வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இத்தனை கார்கள் உலகெங்கும் ஓடியதால் இதன் உதிரிபாக வணிகம் அழியவே இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், ஆலையின் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, 1988 முதல் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து தரத் தொடங்கியது. பத்து வயதான ஒரு சாதாரணக் காரின் சில பாகங்களைவிட ஐம்பது வயதான எம்.ஜி.பி.யின் பாகங்கள் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் என்பது வேடிக்கைக்குச் சொல்வது அல்ல.

ஆண்டைப் பொறுத்து ஒரு பெரிய பிரிவு உண்டு. 1974ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் வரை வந்த கார்களில் குரோம் பம்பர் இருக்கும். அமெரிக்காவின் மோதல் பாதுகாப்பு விதிகளுக்காக அதன்பின் கறுப்பு ரப்பர் பம்பர் பொருத்தினார்கள். அதோடு காரின் உயரத்தையும் ஓர் அங்குலத்துக்கு மேல் கூட்டிவிட்டார்கள். உயரம் கூடியதால் வளைவுகளில் சாய்வும் கூடியது. இதனால் குரோம் பம்பர் கார்களுக்கு விலை அதிகம். ஆனால் துருப்பிடித்த குரோம் பம்பர் காரையும் உடற்கூடு திடமாக உள்ள ரப்பர் பம்பர் காரையும் ஒரே விலைக்குக் காட்டினால், நான் தயங்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். உயரத்தைக் குறைப்பது ஒரு வார இறுதி வேலை. உடற்கூட்டைச் சீராக்குவது ஒரு குளிர்காலம் முழுவதையும் விழுங்கும் வேலை. அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களிலிருந்து திரும்பி வந்த கார்களையும் ஒதுக்க வேண்டாம். அவற்றில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். 1975க்குப் பிந்தையவற்றில் புகைக் கட்டுப்பாட்டுக்காக ஒரே ஒரு ஸெனித் ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர் பொருத்தி, குதிரைத்திறனை அறுபத்துச் சொச்சத்துக்கு இறக்கியிருப்பார்கள். இவை திருத்தக்கூடிய குறைகள்தான்.

இனி துருவுக்கு வருகிறேன். எம்.ஜி.பி.க்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை வளைத்துப் பற்றவைத்த உடற்கூடே காரின் எலும்புக்கூடு. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை. ஆகவே கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதிதான் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துத் தாங்குகிறது. இந்த சில் ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு பிரிப்புத் தகடு, அடியில் ஒரு வலுவூட்டும் பட்டை என்று அடுக்கடுக்காக அமைந்தது. நீர் உள்ளே புகுந்து, வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டுவிட்டால், வெளியே பளபளப்பு இருக்கும்போதே உள்ளே பிரிப்புத் தகடு தூளாகிக்கொண்டிருக்கும்.

விற்பனைக்கு வரும் கார்களில் பலவற்றுக்கு எப்போதோ ஒருமுறை சில் மாற்றியிருப்பார்கள். அதை எப்படி மாற்றினார்கள் என்பதே கேள்வி. முன்சக்கரத்தை மூடியிருக்கும் பக்கத் தகடான முன் விங்குக்குப் பின்னாலும் சில் நீண்டு செல்கிறது. எனவே முறையாக மாற்ற வேண்டுமானால் விங்கைக் கழற்ற வேண்டும், அல்லது அதன் அடிப்பகுதியை வெட்டியெடுத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்க விரும்பியவர்கள் பழைய துருவின் மேலேயே புதிய தகட்டை மூடிப் பற்றவைத்துவிடுவார்கள். அது பார்வைக்கு அழகு, தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. இன்னொரு வகை மோசமான வேலை, கதவுச் சட்டத்துக்குத் தற்காலிகத் தாங்கல் எதுவும் கொடுக்காமல் சில்லை வெட்டுவது. அப்போது கார் நடுவில் தொய்ந்து, தொய்ந்த நிலையிலேயே பற்றவைக்கப்பட்டுவிடும்.

இவற்றைக் கண்டுபிடிக்கக் கையில் ஒரு சிறு காந்தமும் டார்ச் விளக்கும் போதும். முதலில் கதவு இடைவெளிகளைப் பாருங்கள்: மேலே ஒடுங்கி, கீழே விரிந்திருந்தால் கார் தொய்ந்திருக்கிறது. பிறகு விற்பவரின் அனுமதியோடு ஒரு பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, கதவைத் திறந்து மூடுங்கள். உயர்த்துவதற்கு முன் சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால், அந்தப் பக்கத்து சில் தன் வேலையைச் செய்யவில்லை. முன் விங்கின் அடிப்பகுதியிலும், பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள வளைவிலும், கதவுகளின் அடிவிளிம்பிலும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள்; ஒட்டாத இடத்தில் பட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள். பானெட்டில் காந்தம் ஒட்டவில்லை என்றால் மட்டும் பதற வேண்டாம். 1960களின் கார்களில் அது அலுமினியத்தால் ஆனது. இருக்கைகளுக்குப் பின்னால் பேட்டரி வைக்கும் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். 1974 வரை இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் அங்கேதான் இருந்தன; அமிலம் கசிந்து தகட்டைத் தின்றிருக்கும். பின் லீஃப் ஸ்பிரிங்குகள் மாட்டப்பட்டுள்ள இடங்களில் தகடு மெலிந்திருந்தால் காரை விட்டுவிட்டு வருவதே மேல்.

எஞ்சின் விஷயத்தில் நிலைமை நேர் எதிரானது. இது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரீஸ் எஞ்சின், 1,798 சி.சி. வார்ப்பிரும்பில் செய்த, எளிய, நெடுநாள் உழைக்கும் எஞ்சின். நம் நாட்டு வாசகர்களுக்கு இது அந்நியமும் அல்ல. இந்துஸ்தான் அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இதே குடும்பத்தைச் சேர்ந்தது, எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ.யும் 1955இல் அந்த 1,489 சி.சி. அளவோடுதான் அறிமுகமானது. அம்பாசடரின் பானெட்டைத் திறந்து வேலை செய்தவர் எவரும் எம்.ஜி.பி.யின் பானெட்டுக்குள் வழி தெரியாமல் நிற்க மாட்டார். 1964இன் இறுதியிலிருந்து கிராங்க் தண்டை மூன்றுக்குப் பதிலாக ஐந்து பேரிங்குகள் தாங்குகின்றன. நீங்கள் பார்க்கும் 1970களின் கார்கள் எல்லாமே அப்படிப்பட்டவை.

வாங்கும்போது எஞ்சின் நன்றாகச் சூடான பின் எண்ணெய் அழுத்தமானியைப் பாருங்கள். ஓடும்போது 50 முதல் 80 பி.எஸ்.ஐ. வரையிலும், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது) 10 முதல் 25 வரையிலும் காட்டினால் போதுமானது. குளிர்ந்த எஞ்சினில் எல்லாக் கார்களும் நல்ல அழுத்தம் காட்டும் என்பதால், விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கிறாரா, அல்லது சூடாக விடாமல் பார்த்துக்கொள்கிறாரா என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கும். வெளியே சிறிதளவு எண்ணெய்க் கசிவு இந்த எஞ்சினின் இயல்பு. அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம், வாங்காமல் விட வேண்டியதில்லை.

வாங்கிய முதல் மாதத்தில் செய்ய வேண்டியது டியூனிங். இதில் வரிசை மாறக் கூடாது. முதலில் வால்வு இடைவெளி: குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம். அடுத்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி, அதுவும் 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025. பிறகு ஸ்ட்ரோப் விளக்கு வைத்து டைமிங், அதாவது தீப்பொறி எழும் நேரம். கார்புரேட்டரை இவையெல்லாம் முடிந்த பிறகே தொட வேண்டும். எஞ்சின் சரியாக ஓடவில்லை என்றதும் நேராக கார்புரேட்டரின் திருகுகளைத் திருகுவதுதான் பலரும் செய்யும் காரியம். தீப்பொறியின் குறையைப் பெட்ரோல் கலவையால் ஈடுகட்டப் பார்த்து, இரண்டையும் கெடுத்துக்கொள்வார்கள்.

பிரிட்டனுக்கான எம்.ஜி.பி.யில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள் இருக்கும். இவற்றின் தத்துவம் அழகானது. காற்று உள்ளே இழுக்கப்படும் அளவுக்கேற்ப ஒரு பிஸ்டன் மேலெழும்புகிறது. அதன் அடியில் உள்ள கூம்பு ஊசியும் ஜெட்டிலிருந்து அதே அளவுக்கு உயர்ந்து பெட்ரோலுக்கு வழிவிடுகிறது. பிஸ்டன் தடங்கலின்றி ஏறி இறங்க வேண்டும் என்பதே முதல் தேவை. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு விரலால் பிஸ்டனை உயர்த்தி விட்டால் ‘டக்’ என்ற தெளிவான ஒலியோடு கீழே விழ வேண்டும். மேலேயுள்ள குடுவையில் மெல்லிய எண்ணெய் சிறிது இருக்க வேண்டும். அது வற்றிப்போனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கார் ஒரு கணம் திணறும். ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனையும் குடுவையையும் மற்றொன்றுக்கு மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அவை இணை இணையாகப் பொருத்தி உருவாக்கப்பட்டவை.

இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்பதை ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையை ஒவ்வொன்றின் வாயிலும், மறுமுனையைக் காதிலும் வைத்துச் சீறலை ஒப்பிட்டே கண்டுபிடிக்கலாம். காற்றோட்ட மானி வாங்கினால் இன்னும் எளிது. அடுத்து கலவை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை ஒரு அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு மட்டும் உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் விழுந்து எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய வேகத்துக்கு வந்தால் கலவை சரி. எத்தனை முறை செய்தும் ஐடில் நிலைக்கவில்லை என்றால் த்ராட்டில் தண்டு தேய்ந்து, அதன் ஓரமாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று பொருள். அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்யாமல் எந்தத் திருகைத் திருகியும் பயனில்லை.

பாகங்கள் மலிவு என்று சொன்னேன். அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரில் போடுவதற்காக இப்போது தயாராகும் மலிவான ரோட்டார் ஆர்ம்களும் கண்டன்சர்களும் தரம் குறைந்தவை. புதிதாகப் போட்ட சில நாட்களிலேயே நடுவழியில் நிறுத்திவிடுபவை அவற்றில் உண்டு. பழையது வேலை செய்துகொண்டிருந்தால் புதியது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். மாற்றினால் கழற்றிய பழையதைக் காரிலேயே வைத்திருங்கள். ரிவெட் இல்லாத தரமான ரோட்டார் ஆர்ம்களைத் தேடி வாங்குவது சில பவுண்டுகள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இந்தக் காரின் மின்சாதனங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தைப் பற்றிய கேலிகள் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அந்த நிறுவனத்தை ‘இருளின் இளவரசன்’ என்று அமெரிக்கர்கள் அழைத்ததுண்டு. உண்மையில் தொல்லை பெரும்பாலும் கருவிகளில் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது. ஐம்பது ஆண்டு ஈரத்தில் கிடந்த தோட்டா வடிவ இணைப்பான்கள் பச்சை பூத்துப்போயிருக்கும். எர்த் ஒயர்கள் பெயின்ட்டின் மேல் முடுக்கப்பட்டிருக்கும். ஒரு மழைநாளில் உட்கார்ந்து ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினால், பேய் பிடித்ததுபோல் நடந்துகொண்ட விளக்குகள் ஒழுங்காகிவிடும். 1967இன் பிற்பகுதிக்கு முந்தைய கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். அத்தகைய காரை வாங்கினால் ரேடியோவோ மின்னணு இக்னிஷனோ மாட்டுவதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.

முன் சஸ்பென்ஷனில் கிங்பின்கள் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சுகள்) இருக்கின்றன, பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவானால் ஆண்டுக்கு இருமுறை, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிய நிலையில், பழைய கிரீஸ் பிதுங்கி வெளியேறும்வரை கிரீஸ் அடிக்க வேண்டும். நவீனக் கார்களோடு மட்டும் பழகிய மெக்கானிக்குகள் இந்த நிப்பிள்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதால்தான் பல கார்களில் கிங்பின்கள் தேய்ந்து ஸ்டியரிங் கனக்கிறது. கம்பிச் சக்கரங்கள் உள்ள கார் என்றால், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது பின்பக்கம் ‘டொக்’ என்று கேட்கிறதா என்று கவனியுங்கள். சக்கர மையத்தின் பற்கள் தேய்ந்திருந்தால் அப்படிக் கேட்கும். பிரேக்கில் சொல்ல அதிகம் இல்லை: திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், வயது தெரியாத ரப்பர் குழாய்களை உடனடியாகவும் மாற்றுங்கள். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வயது கடந்த டயர்களில் வேகமாக ஓட்ட வேண்டாம்.

கிளட்ச் பற்றித் தனியாக ஒரு சொல். எம்.ஜி.பி.யில் கிளட்ச் பிளேட்டை மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். அதை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கும் உருளைகள் கொண்டதல்ல, கார்பன் வளையம். சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருந்தால் அது வீணாகத் தேயும். நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். இதே காலத்து ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரில் கியர் பாக்ஸை காருக்குள்ளிருந்தே எடுத்து இந்த வேலையை முடிக்கலாம். அதன் பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாய்வதால் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். ஸ்பிட்ஃபயர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூலமான ட்ரையம்ப் ஹெரால்டின் வழிவந்தது. எம்.ஜி.பி. கிடைக்கவில்லை என்றால் அதை யோசிக்கலாம். ஆனால் அதன் முன் சக்கரங்களைத் தாங்கும் ட்ரனியன்களுக்கு கிரீஸ் அல்ல, கியர் எண்ணெய் விட வேண்டும். அதைப் புறக்கணித்தால் தண்டு முறிந்து சக்கரமே மடிந்துவிடக்கூடும்.

எரிபொருள் குறித்து இரண்டு செய்திகள். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோலின் பொதுவிற்பனை நின்றது. ஈயம் இல்லாத பெட்ரோலில் நெடுநேரம் அதிவேகமாக ஓட்டினால் பழைய வால்வு இருக்கைகள் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கும். வால்வுகள் அமைந்துள்ள சிலிண்டர் ஹெட்டில் கடினப்படுத்திய இருக்கைகள் போட்டிருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் அதற்கென விற்கும் சேர்க்கைப்பொருளைப் பெட்ரோலில் கலந்து ஓட்டி, வால்வு இடைவெளி குறைகிறதா என்று பார்த்து வந்தால் போதும். ஹெட்டைக் கழற்ற வேறு காரணம் வரும்போது இதையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம். அடுத்தது எத்தனால். 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை அரித்து விரிசல் விடச் செய்யும். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் ஒழுகுவது விளையாட்டு அல்ல. எத்தனால் குறைவாக உள்ள சூப்பர் வகையையே போடுங்கள். வயது தெரியாத எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய்களாக மாற்றுங்கள்.

மேம்பாடுகளை ஓராண்டு தள்ளிவைக்கச் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். தேய்ந்த கிங்பின், ஒழுகும் டேம்பர் (ஷாக் அப்சார்பர்), தவறான டைமிங் ஆகியவற்றோடு ஓடும் எம்.ஜி.பி.யை ஓட்டிவிட்டு, ‘இந்தக் கார் மந்தமானது, சாலையில் நிற்காது’ என்று முடிவுகட்டி, பந்தயக் காருக்கான ஸ்பிரிங்குகளையும் பெரிய வெபர் கார்புரேட்டரையும் வாங்கிப் பொருத்துபவர்கள் ஏராளம். அந்தப் பணத்தில் பாதியைச் செலவிட்டு, ஆலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குக் காரைக் கொண்டுவந்திருந்தாலே அவர்கள் தேடியதில் பெரும்பகுதி கிடைத்திருக்கும். ஆர்ம்ஸ்ட்ராங் நெம்புகோல் டேம்பர்களை நல்ல முறையில் புதுப்பித்துப் போட்டால், அவற்றைக் கழற்றிவிட்டு நவீன டேம்பர் மாட்டும் தேவை சாதாரணச் சாலை ஓட்டத்தில் எழுவதில்லை என்பது என் கருத்து. இதை மறுப்பவர்களும் உண்டு.

அதன் பிறகும் செய்யத்தக்கவை சில இருக்கின்றன. முன் சஸ்பென்ஷனின் கீழ்க்கைகளில் சாதாரண ரப்பர் புஷ்ஷுக்கு (இணைப்பில் உள்ள உருளை உறை) பதிலாக, எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த ஜி.டி. வி8க்காகச் செய்த உலோக உறையுள்ள புஷ் போடுவது, சிறிய செலவில் ஸ்டியரிங்கைத் துல்லியமாக்கும். முன் விளக்குகளின் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் அருகிலுள்ள மெல்லிய சுவிட்ச் வழியாகப் போய்வருவதால், ரிலேக்களும் ஃபியூஸும் சேர்த்தால் வெளிச்சமும் கூடும், சுவிட்ச்சும் பிழைக்கும். பாயிண்டுக்குப் பதிலாக மின்னணு இக்னிஷன் நல்லதுதான். பழைய பாயிண்டுகளையும் கண்டன்சரையும் கார் பெட்டியில் வைத்திருந்தால் வழியில் நின்றாலும் சமாளிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலானது லேகாக் ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் எஞ்சினின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு. நாலாவது கியரில் மணிக்கு 70 மைலில் ஏறத்தாழ 3,900 சுற்றில் அலறும் எஞ்சின், ஓவர்டிரைவில் 3,200 சுற்றுக்கு இறங்கிவிடும். அது உள்ள காரையே தேடி வாங்குங்கள். அது வேலை செய்யவில்லை என்று விற்பவர் விலையைக் குறைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கலாம், ஏனெனில் பல சமயம் கோளாறு கியர் பாக்ஸில் உள்ள சிறு சுவிட்ச்சிலோ ஒயரிலோதான் இருக்கும். அதிகக் குதிரைத்திறன் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: ஆலையே 1973 முதல் 1976 வரை 3.5 லிட்டர் ரோவர் எஞ்சினோடு 2,591 ஜி.டி. வி8 கார்களைச் செய்தது. அவற்றின் விலை வேறு உலகம்.

சட்டப்படி, நாற்பது ஆண்டு கடந்த கார் வரலாற்று வாகனமாகப் பதிவானால் சாலை வரி இல்லை, லண்டனின் புகைக் கட்டணமும் இல்லை. 2018 மே முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத அத்தகைய கார்களுக்கு எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டு செல்லுங்கள். லிஃப்டில் ஏற்றி அந்நியர் ஒருவர் காரின் அடிவயிற்றைப் பார்ப்பதற்கு அந்தக் கட்டணம் மலிவு. காப்பீட்டை, முன்கூட்டியே மதிப்பு ஒப்புக்கொள்ளப்பட்ட வகையில் எடுங்கள். செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் தெரிவியுங்கள்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, இது நெடுஞ்சாலையில் முந்திச் செல்வதற்கான கார் அல்ல. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் போன்ற பகுதிகளில், இருபுறமும் வேலி அடைத்த வளைந்த கிராமச் சாலைகளில், கூரையை மடித்துவிட்டு மணிக்கு 50 மைலில் மூன்றாவது கியருக்கும் நாலாவதுக்கும் மாறி மாறிப் போகும்போதுதான் இது தன் இயல்பில் இருக்கிறது. வெயில் இருந்தால் குளிர்காலத்திலும் ஹீட்டரைத் திறந்துவிட்டு ஓட்டலாம். ஆனால் சாலையில் உப்பு தூவியிருந்தால், நல்ல மழை பெய்து அது கழுவப்படும்வரை காரை வெளியே எடுக்க வேண்டாம். சில்லுக்குள் மெழுகு பீய்ச்சுவதை இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுங்கள். நிறுத்திவைக்கும் மாதங்களில் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்; இல்லாவிட்டால் பின் டிரம்முகள் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெயில் ஈரம் சேர்வதைத் தவிர அதனால் ஒன்றும் ஆகாது. மாதம் ஒரு வறண்ட நாளைப் பார்த்து, எண்ணெய் முழுவதும் சூடாகும்படி இருபது மைலாவது ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள்.